விசில் ஊதாத பயிற்சியாளர் ஜான் கலார்டி

மினசோட்டாவின் செயின்ட் கிளவுட் நகரில் நான் வேலை பார்த்த காலத்தில், 2009ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு மாலை, உடன் பணிபுரிந்த நண்பர் தாம் படித்த செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உடலோடு உடல் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் பயிற்சிக்குத் திரண்டிருந்தும், மோதும் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. யாரும் விசில் ஊதவில்லை. தொடக்கப் பயிற்சியின் நடுவே மாணவர்கள் புல்லில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி, "இன்றைக்கு எவ்வளவு அருமையான நாள்!" என்று பக்கத்தில் படுத்திருந்தவரிடம் சொன்னார்கள். அதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவே இல்லை.

அந்த அணியின் பயிற்சியாளரான, எண்பதைக் கடந்த கலார்டி மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதுப் பையன்கள்கூட அவரை "ஜான்" என்றே கூப்பிட்டார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகாத எனக்கு அது முதலில் உறுத்தியது. "கோச்" என்று அழைக்கக் கூடாது என்பது அவரே வைத்த விதியாம்.

இந்த முறைக்கு வேர் 1943ஆம் ஆண்டில் இருக்கிறது. கொலராடோவின் டிரினிடாட் நகரில் அவர் படித்த பள்ளியின் பயிற்சியாளர் போருக்குப் போய்விட, பதினாறு வயது மாணவரான கலார்டியே அணியை நடத்த நேர்ந்தது. தான் வெறுத்த கடும் பயிற்சிகளை அவர் உடனே நிறுத்தினார். பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்றிருந்த தடையையும் நீக்கினார். பிறகு மொன்டானாவின் கரோல் கல்லூரியில் நான்கு பருவங்கள், 1953 முதல் 2012 வரை செயின்ட் ஜான்ஸில் அறுபது பருவங்கள் என்று போன அந்த வாழ்க்கையில், மொத்தம் 489 வெற்றிகளைப் பெற்றார்.

மோதிப் பழகாத அணி மென்மையாகிவிடும் என்பவர்கள் 2003ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த நவம்பரில் பெத்தேல் அணியை வென்று, கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களில் அதுவரை முதலிடத்தில் இருந்த எடி ராபின்சனின் 408 வெற்றிகள் என்ற சாதனையை அவர் தாண்டினார். அடுத்த மாதமே, தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோற்காத மவுன்ட் யூனியன் கல்லூரி அணியை 24–6 என்று வீழ்த்தி அவருடைய அணி கல்லூரிக் கால்பந்தின் மூன்றாம் பிரிவில் தேசியப் பட்டத்தை வென்றது. காயமில்லாமல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வீரனைவிடப் பெரிய பலம் ஓர் அணிக்கு வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் பயிற்சி முடிந்துவிட்டது. மாணவர்கள் தலைக்கவசங்களைக் கையில் தொங்கவிட்டபடி இரவு உணவுக்கு நடந்துபோனபோது, மைதானத்தைச் சூழ்ந்த மரங்களின் உச்சியில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.