ஒத்திசைவு மென்பொருளைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோவதற்கு ஒரு சொல்: "கூடுமாற்றம்" சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பல கருவிகளில் உள்ள கோப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கும் வேலையில் ஒரே ஒரு சொல்லில் இரண்டு வாரமாக நிற்கிறேன். பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை அதன் அமைப்புகளோடும் அடையாளத்தோடும் புதுக் கணினிக்குக் கொண்டுபோய், விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கிறோமே, அந்தச் செயலுக்கு என்ன பெயர்?

முதல் வரைவில் "இடமாற்றம்" என்று போட்டிருந்தேன். இங்கே யாரும் மறுக்கவில்லை, எனக்கும் உறுத்தவில்லை. அப்புறம்தான் வினை வந்தது. படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு நண்பரிடம் வரைவைக் கொடுத்தேன். அவர் படித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்துவிட்டார். "ஒத்திசைவை இடமாற்றம் செய்யவும்" என்ற வரியைக் கண்டதும், பழைய கணினியின் ஒத்திசைவுக் கோப்புறையைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெட்டி, வெளி வன்தட்டில் ஒட்டினார். மென்பொருள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைக் காணோம் என்றால் அதன் கணக்கில் அழித்துவிட்டார்கள் என்றுதான் பொருள். அந்தச் செய்தியை மற்ற மூன்று கருவிகளுக்கும் கடமை தவறாமல் சொல்லிவிட்டது. மடிக்கணினி, கைப்பேசி, அலுவலகக் கணினி, மூன்றிலும் கோப்புறை காலி.

வெட்டியவை வன்தட்டில் இருந்ததால் பிழைத்தார். "நீதானே இடமாற்றச் சொன்னாய்" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்கும் நாம் "இடமாற்று" என்றே எழுதி வைத்திருக்கிறோம். அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார்.

சொல்லுக்குப் போவதற்கு முன், உண்மையில் எது மாறுகிறது என்று பார்த்துவிடலாம். சிங்திங் (Syncthing) என்ற ஒத்திசைவு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன், அதன் உள்வேலை எல்லாருக்கும் திறந்து கிடப்பதால். ஒரு கணினியில் முதன்முறை இயக்கும்போது அது தனக்கென்று ஒரு சாவியையும் சான்றிதழையும் உருவாக்கிக்கொள்ளும். அந்தச் சான்றிதழிலிருந்து கணக்கிட்டு எடுப்பதுதான் கருவி அடையாளம். ஏழு ஏழு எழுத்தாக 8 தொகுதிகள், மொத்தம் 56 எழுத்து. அதில் 52 அடையாளம், மீதி 4 தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கான சரிபார்ப்பு எழுத்துகள். மற்ற கருவிகள் இந்தக் கணினியை இனம் காண்பது இந்த வரிசையை வைத்து மட்டுமே. கணினியின் பெயரோ ஐபி முகவரியோ அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே சாவியும் சான்றிதழும் அமைப்புக் கோப்பும் புதுக் கணினிக்குப் போய்விட்டால், மற்ற கருவிகளின் பார்வையில் எதுவுமே நடக்கவில்லை. அதே ஆள் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

யூனிசன் (Unison) என்ற இன்னொரு ஒத்திசைவு மென்பொருளில் கதை வேறு. கடைசியாகச் சந்தித்தபோது இரண்டு பக்கமும் எப்படி இருந்தன என்று அது ஒரு பதிவு வைத்திருக்கும். அந்தப் பதிவைத் தேடி எடுக்கும்போது கணினியின் பெயரையும் சேர்த்துத்தான் பார்க்கும். புதுக் கணினிக்கு வேறு பெயர் வைத்துவிட்டீர்களா, பழைய பதிவு கண்ணில் படாது. முதல் சந்திப்பு போல மறுபடி ஆரம்பிக்கும். நினைவு போன பிறகு "இது அழிக்கப்பட்டது" என்று அதனால் சொல்ல முடியாது. ஒரு பக்கம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை என்பது மட்டுமே தெரியும். ஆக, நேற்று நீங்கள் ஒரு பக்கத்தில் அழித்த கோப்பு மறுபக்கத்திலிருந்து கிளம்பி வந்து நிற்கும். கோப்புகளை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க்குக்கு (rsync) இந்தத் தொல்லையே இல்லை. அது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒப்பிட்டுப் பார்ப்பது, கூடவே எடுத்துப் போக நினைவு என்று எதுவும் கிடையாது.

ஆக நமக்கு வேண்டிய சொல் கோப்புகளைப் பற்றியதே அல்ல. கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அடையாளமும் நினைவும் இடம் மாறுவதற்குத்தான் பெயர் வேண்டும். கூடவே, அடையாளத்தை விட்டுவிட்டுப் புதுக் கணினியைப் புது உறுப்பாகச் சேர்க்கும் வேலைக்கு வேறு சொல் வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

உங்கள் முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> "புலப்பெயர்வு" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

மனிதர்கள் ஊரையும் உறவையும் விட்டுப் போவதைச் சொல்லும் கனத்த சொல் அது. ஒரு மடிக்கணினி வாங்கியதற்கு அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

> "வீடுமாற்றம்" எளிமையாக இருக்கும். அதே குடும்பம், வேறு வீடு.

இதை நான் மிகவும் ரசித்தேன். படம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் வீடு மாறினால் புது முகவரியை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும். இங்கே யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் விஷயமே. போதாக்குறைக்கு, பயனரின் சொந்தக் கோப்புறையான இல்ல அடைவை "வீடு" என்று எழுதுபவர்கள் நம்மிடையே இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

என் முன்மொழிவு: கூடுமாற்றம். கூடு விட்டுக் கூடு பாய்தல் நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. உயிர் அதே உயிர், உடல் மட்டும் வேறு. இன்னொரு பொருத்தமும் தானாக அமைந்திருக்கிறது. ஓர் உயிர் ஒரே நேரத்தில் இரண்டு உடலில் இருக்க முடியாது. ஒரே அடையாளத்தோடு பழைய கணினியும் புதுக் கணினியும் சேர்ந்து ஓடினால், மற்ற கருவிகள் எதை நம்புவது என்று தெரியாமல் இணைப்பை மாற்றி மாற்றி அறுத்துக்கொண்டிருக்கும். இந்த எச்சரிக்கையைப் பத்தி பத்தியாக எழுதியும் யாரும் படிப்பதில்லை. சொல்லே அதைச் சொல்லிவிட்டால் நல்லதுதானே?

புது உறுப்பாகச் சேர்ப்பதற்கு "புதுச்சேர்ப்பு" போதும். அதில் பெரிய விவாதத்துக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

---

மறு: "கூடுமாற்றம்" சரிவருமா?

ஐயா, வணக்கம்.

கருத்து அழகாக இருக்கிறது. பெயர்ச்சொல்லாக ஏற்கிறேன். ஆனால் வினையாக்கிப் பாருங்கள். "கூடுமாறு" என்று எழுதினால், ஒன்றுகூடும்படி என்று படிப்பார்கள். "கருவிகள் கூடுமாறு அமைக்கவும்" என்றால் என்ன புரியும்? "கூடுபாய்ச்சு" என்று போகலாமா என்று யோசித்தேன், வயலுக்குத் தண்ணீர் விடுவது போல இருக்கிறது.

இன்னொன்று. கட்டளைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் ஷெல்லுக்கு (shell) நான் "கூடு" என்றுதான் எழுதி வருகிறேன். அமைப்புக் கோப்பை நகலெடுக்கும் கட்டளையை ஷெல்லில்தான் கொடுக்கச் சொல்கிறோம். "கூட்டைத் திறந்து கூடுமாற்றவும்" என்று ஒரு நாள் யாராவது எழுதத்தான் போகிறார்கள்.

அடையாளமும் நினைவும் போதும் என்கிறீர்கள். நினைவு மட்டும் போய்க் கோப்புகள் போகாமல் இருந்தால்? புதுக் கணினியில் காலிக் கோப்புறை, கையில் பழைய பதிவு. உங்கள் நண்பருக்கு நடந்ததுதான் மறுபடி நடக்கும்.

---

மறு: மறு: "கூடுமாற்றம்" சரிவருமா?

கடைசிக் கேள்விக்கு முதலில். முழுக்கச் சரி, நான் சொன்னது அரைகுறைதான். சிங்திங் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் மறைவாக ஒரு குறி வைப்பது இதற்காகத்தான். குறியைக் காணோம் என்றால் அழிப்புச் செய்தி எதையும் பரப்பாமல் அந்தக் கோப்புறையின் ஒத்திசைவை நிறுத்திவிடும். ஆனால் பிழைச்செய்தியைக் கண்ட எரிச்சலில் அந்தக் குறியைக் கையால் உருவாக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் காவல்காரனை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்ட கணக்கு. சாவி, சான்றிதழ், அமைப்புக் கோப்பு ஆகியவற்றை மட்டும் கொண்டுபோய், பதிவுத் தரவுத்தளத்தை விட்டுவிடுவது பாதுகாப்பு. அது மறுபடி எல்லாவற்றையும் படித்துப் புதிதாக எழுதிக்கொள்ளும், நேரம் மட்டும் ஆகும். யூனிசனுக்கு இந்த வழி பொருந்தாது என்பதையும் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதோடு தொடர்புடைய ஒன்று, நம் மொழிக்கே உரிய தலைவலி. "கோப்பு" என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைக்கிறோம். "கோ"வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது. லினக்ஸோ வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும், இரண்டையும் வேறு வேறு பெயராகவே பார்க்கும். பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்குப் போன ஒருவரின் திரையில் "கோப்பு", "கோப்பு" என்று இரட்டைப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை நானே பார்த்தேன். எது அசல் என்று உள்ளே போய் எழுத்தெழுத்தாக எண்ணித்தான் சொல்ல முடிந்தது. ஒகரம், ஔகாரம் உள்ள பெயர்களுக்கும் இதே கதி. இதை உதவிப் பக்கத்தில் ஒரு பெட்டியில் சேர்க்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். "கூடுமாறு" தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். வினை தேவைப்படும் இடங்களில் "கூடுமாற்றம் செய்" என்றே எழுதுவோம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் "பதிவிறக்கம் செய்" என்பதோடு இத்தனை காலம் வாழ்ந்துவிட்டோம். ஷெல் விஷயத்தில் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். உதவிப் பக்கத்தில் "முனையத்தைத் திறக்கவும்" என்றே போடலாம், ஷெல் என்ற பேச்சே வேண்டாம்.

உங்கள் மடலைப் படித்த பிறகு இன்னொன்றும் தோன்றியது. கலைச்சொல் பட்டியலில் என்ன இருந்தாலும், பொத்தானில் ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு ஒதுங்கக் கூடாது. என் நண்பர் பட்டியலைப் பார்த்துவிட்டா வெட்டி ஒட்டினார்? ஆகவே பக்கத்தின் தலைப்பும் பட்டியலும் "கூடுமாற்றம்". பொத்தானில் "இந்தக் கணினியின் அடையாளத்தைப் புதுக் கணினிக்குக் கொடு". அதை அழுத்தியதும் வரும் உரையாடல் பெட்டிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"கூடுமாற்றம் முடிந்ததும் இந்தக் கணினியில் மென்பொருள் நிறுத்தப்படும். மறுபடி இங்கே இயக்க வேண்டாம். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றை வெட்டவோ நகர்த்தவோ வேண்டாம்."

கடைசி வாக்கியம் நண்பருக்காக.