எம்57 என்ற வளைய நெபுலாவின் நிறமாலையில் பட்டை இல்லை, வளையங்கள் வருகின்றன. ஏன்?

மேகமூட்டம்:
8 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி, கேமராவுக்கு முன்னால் மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு). ஒளியை மெல்லிய கீற்றாக மட்டும் உள்ளே விடும் பிளவு கிடையாது. நட்சத்திரத்தைப் பிடித்தால் நீலம் முதல் சிவப்புவரை அறுபடாத பட்டை. எம்57-ஐப் பிடித்தால் பச்சையில் ஒரு வளையம், சிவப்பில் ஒரு வளையம், நடுவே வெறும் இருட்டு. போதாக்குறைக்குச் சிவப்பு வளையம் சற்றுப் பெரிதாக வேறு இருக்கிறது. ஃபோகஸ் சரியில்லையா?

ராக்கோழி:
கோளாறே இல்லை, அருமையான படம் அது. நெபுலா மெல்லிய வாயு. குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும்தான் பளிச்சிடும். பிளவு இல்லாததால் ஒவ்வொரு அலைநீளமும் நெபுலாவின் முழு உருவத்தையே தனித்தனியாகப் பதிக்கிறது. பச்சை, இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்: 500.7, 495.9 நானோமீட்டர். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும். சிவப்பு, 656.3-ல் ஹைட்ரஜனும் அதன் இருபுறமும் நைட்ரஜனும்.

சிவப்பு ஏன் பெரிது? நடுவிலுள்ள வெண்குறுமீனின் (சுருங்கிப்போன சூடான நட்சத்திரம்) புற ஊதா ஒளி உள்ளே உக்கிரமானது, அங்கே ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரானை இழக்கிறது. வெளியே போகப்போக அந்த ஒளி வலுவிழப்பதால், ஓர் எலக்ட்ரான் மட்டும் இழந்த நைட்ரஜன் விளிம்பில் மிகுதி. ஃபோகஸ் சந்தேகம் தீரவில்லை என்றால், அதே படத்தில் ஒரு நட்சத்திரப் பட்டையைப் பாருங்கள். பச்சையிலும் சிவப்பிலும் ஒரே அளவு மெல்லியதாக இருந்தால் வளையத்தின் அளவை நம்பலாம்.

பழைய லென்ஸ்:
அந்தப் பச்சைக் கோடு பலரை அலைக்கழித்தது. 1864-ல் வானியலாளர் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவில் அதைப் பார்த்தார். பூமியில் எதனோடும் பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்று ஒரு புதுத் தனிமமே கற்பித்தார்கள். 1927-ல்தான் இயற்பியலாளர் போவன் அது ஆக்சிஜன் என்று காட்டினார். கிளர்ந்த அந்த அயனி ஒளியை விட அரை நிமிடம்போல எடுத்துக்கொள்ளும். ஆய்வகக் குடுவையில் அதற்குள் வேறொரு துகள் வந்து மோதிவிடும். நெபுலாவில் மோத ஆள் இல்லை.

மேகமூட்டம்:
சரி, இதை வைத்து வெப்பநிலை அளக்க முடியுமா?

ராக்கோழி:
இந்தக் கிரேட்டிங்கில் முடியாது. அதற்கு ஆக்சிஜனின் 436.3 கோடு வேண்டும். மங்கலானது, ஹைட்ரஜனின் 434.0-ஐ ஒட்டியே இருக்கிறது. எம்57 அளவு உருவத்தில் இரண்டும் கலந்துவிடும். பிளவுள்ள நிறமாலைமானி கிடைத்தால் 436.3-ஐ அந்தப் பச்சை ஜோடியோடு ஒப்பிடுங்கள். வாயு எவ்வளவு சூடோ, அவ்வளவு வலுவாக அது தெரியும். பெரும்பாலும் 10,000 கெல்வினை ஒட்டி வரும். வாயு விரியும் வேகமெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்: நொடிக்கு 25 கிலோமீட்டர் என்றாலும் கோடு நகர்வது 0.04 நானோமீட்டர்தான்.

அடுத்து என்ஜிசி 6543-ஐ, அதாவது அந்தப் பூனைக்கண் நெபுலாவைப் பிடியுங்கள். அதன் பிரகாசமான பகுதி 20 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) அளவுதான், கோடுகள் இன்னும் நன்றாகப் பிரியும்.