சீனன்குடா – ரொறன்ரோ ஆகாயத் தூரம்: 18,000 கிலோமீற்றரா, 13,900ஆ?

மூதூர்க்கரை:
சுவரில தொங்கிற உலகப்படத்தில அடிமட்டம் வைச்சு, சீனன்குடாவில (திருகோணமலை விமான நிலையம்) இருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் வரை அளந்தால், மத்தியகோட்டு அளவுத்திட்டப்படி 18,000 கிலோமீற்றருக்கு மேல வருது. கூகுள் மேப் 13,900க்குக் கிட்டக் காட்டுது. எது சரி? கையால சரிபார்க்க வழி இருக்கோ?

உப்புவெளி_71:
கூகுள்தான் சரி. தட்டைப் படத்தில வடக்கே போகப்போக கிழக்கு-மேற்கு தூரம் ஊதிப்போகும். 60 பாகையில சரியாக இரண்டு மடங்கு. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில நூலை இறுக்கிப் பிடிச்சுப் பாருங்கோ, நூல் அத்திலாந்திக்கைக் குறுக்கே வெட்டாது. ரஷ்யாவின் வடக்கால ஏறி, ஐஸ்லாந்துக்கு வடகிழக்கே 73 பாகை வரை போய்த்தான் இறங்கும். அதுதான் பெருவட்டப் பாதை, உருண்டையில இரண்டு இடத்துக்கு இடையில ஆகக் குறுகிய வழி.

கணக்கு இப்படி. தூரக்கோணம் என்றது பூமியின்ர மையத்தில இரண்டு இடத்துக்கும் இடையில உள்ள கோணம். சீனன்குடா: வடக்கு 8.54, கிழக்கு 81.18. பியர்சன்: வடக்கு 43.68, மேற்கு 79.63. மேற்கு என்றால் கழித்தல் குறி, ஆகவே நெட்டாங்கு வித்தியாசம் 160.81.

கோசைன்(தூரக்கோணம்) = சைன் 8.54 × சைன் 43.68 + கோசைன் 8.54 × கோசைன் 43.68 × கோசைன் 160.81
= 0.1026 − 0.6754 = −0.5729

கோணம் 124.95 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கிலோமீற்றர். பெருக்கினால் 13,894.

கோட்டைவாசல்:
கழித்தல் குறியை விட்டால் விடை ஏறக்குறைய 3,900 ஆகிடும், அது உடனே கண்ணில படும். கண்ணில படாத பிழைதான் மோசம்: 8 பாகை 32 கலையை (ஒரு பாகைக்கு 60 கலை) 8.32 என்று எழுதிறது. 32ஐ 60ஆல வகுத்து 8.53 என்று போடவேணும், இல்லையென்றால் 20 கிலோமீற்றருக்கு மேல பிசகும். எக்செலில போடுறதென்றால் அது பாகையை ஏற்காது, ஆரையனாக (ரேடியன்) மாற்றிக் குடுங்கோ.

பெருவட்டத் தூரம் காட்டிற கிரேட் சர்க்கிள் மேப்பர் இணையத்தளத்தில பார்க்கிறதென்றால் சீனன்குடாவின்ர குறியீடு டி.ஆர்.ஆர். கடைசி எழுத்தை இசட் என்று அடிச்சால் திருச்சியில இருந்து அளக்கும்!

பூமி சரியான உருண்டை இல்லை (மத்தியகோட்டு ஆரை 6,378, துருவ ஆரை 6,357). அதால அரை வீதம் வரை வித்தியாசம் வரலாம். 13,894இல கடைசி இலக்கத்துக்குச் சண்டை பிடிக்காதேங்கோ.

மூதூர்க்கரை:
நன்றி அண்ணை. அப்ப பயணத்தில உண்மையிலேயே பறக்கிற தூரமும் இதுதானோ?

உப்புவெளி_71:
இல்லை தம்பி. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டவேணும். டுபாய் வழியாகப் போறதென்றால், கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) – டுபாய் 3,288, டுபாய் – ரொறன்ரோ 11,082, மொத்தம் 14,370. கட்டுநாயக்கவில இருந்து நேர்ப்பாதை 13,995. டுபாய் சுற்றினாலும் 375தான் கூட. இதுக்கு மேல வான்வழித்தடங்களின்ர வளைவு, காற்றுக்காக விலகிறது, மூடின வான்வெளி எல்லாம் சேரும். உதாரணமாக 2022 பெப்ரவரிக்குப் பிறகு கனேடிய விமானங்களுக்கு ரஷ்யாவுக்கு மேலால போக ஏலாது.