'கோல்ட் அக்ளிமேஷன்': குளிர்ப்பழகல் எனலாமா?

அன்பு நண்பர்களே,

பயிர் மரபணுக் கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதும்போது 'கோல்ட் அக்ளிமேஷன்' (cold acclimation) வந்த இடத்தில் நின்றுவிட்டேன். மிதமான குளிரில் சில நாள் இருந்த செடி கடுங்குளிருக்குத் தயாராவதைக் குறிக்கும் சொல் இது. பலர் இதையும் 'குளிர் தாங்குதிறன்' என்றே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தாங்குதிறன் கடைசியில் கிடைப்பது. அதைச் செடி எப்படிச் சேர்த்துக்கொள்கிறதோ அதற்கல்லவா பெயர் வேண்டும்?

ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை 4 டிகிரி செல்சியஸில் சில நாள் வைத்தால், பிறகு உறையும் குளிரையும் முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது. குளிர் பட்ட கால் மணி நேரத்திலேயே அதன் சிபிஎஃப் (CBF) என்ற மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவை வேறு பல மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. செல்லில் சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்கின்றன, சவ்வின் கொழுப்பு மாறுகிறது.

'குளிர்ப்பதம்' என்றுதான் முதலில் எழுதினேன். படித்தவுடன் குளிர்பதனக் கிடங்கு நினைவுக்கு வந்தது, அடித்துவிட்டேன். குளிர்ப்பழகல் எப்படி?

– குன்னூரிலிருந்து

ஐயா, வணக்கம்.

ஊட்டிப் பக்கம் எங்கள் காய்கறித் தோட்டம். சொல் பிடித்திருக்கிறது. ஆனால் நர்சரியில் நடவுக்கு முன் தண்ணீரைக் குறைத்து, நாற்றை வெளியே வைத்துத் தேற்றுகிறோமே, அதற்கும் இதே பெயரா? அப்புறம், உறைபனி விழுவதற்குப் பல நாள் முன்பே இங்கே குளிர்தான். கடைபோகத்தில், அதாவது கடைசிப் பருவத்தில், போடும் உருளைக்கிழங்கு ஏன் பழகவில்லை? ஒரே இரவில் இலையெல்லாம் கருகிவிடுகிறது.

தம்பி,

நாம் பயிரிடும் உருளைக்கிழங்குக்கு அந்தத் திறன் இல்லை. அதன் காட்டு உறவான சோலானம் காமர்சோனி பழகும். தக்காளியும் பழகாது, இத்தனைக்கும் அதனிடம் சிபிஎஃப் மரபணுக்கள் உண்டு. ஆனால் அவை முடுக்கும் மரபணுக் கூட்டம் சிறியது. ஆகவே குளிர்ப்பழகும் பயிர், குளிர்ப்பழகாப் பயிர் என்று பிரித்து எழுதலாம்.

நாற்றுக்கு நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. செடி தானே செய்வது பழகல், நாம் செய்விப்பது பழக்கல். ஊட்டிப் பூங்காவில் உறைபனி படாமல் பூச்செடிகளை மிலார் என்ற செடியால் மூடுவது இரண்டிலும் சேராது, அது பனிக்காப்பு.

குளிர்ப்பழகலுக்குப் பதில் 'குளிர் இணக்கம்' என்ற சொல் வேண்டும் என்பவர்கள் இருந்தால், பழகல், பழக்கல் என்ற இந்த வேறுபாட்டை எப்படிக் காட்டுவார்கள் என்று எழுதுங்கள்.