மறு: செல் அட்ஹீஷனுக்கு என்ன சொல்? ஒட்டா, பற்றா, பசையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாலு நாளாக இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. கேள்வி கேட்டவன் நான், ஆனால் பதில் எழுதாமல் இருந்தவனும் நான்தான், மன்னிக்கவும். பள்ளிப் பிள்ளைகளுக்காக சிடிஎச்1 என்ற மரபணுவைப் பற்றி நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன், முதல் பத்தியிலேயே ‘செல் அட்ஹீஷன்’, அதாவது செல்கள் ஒன்றோடொன்றோ சுற்றியிருப்பதோடோ ஒட்டிக்கொள்வது, வந்து நின்றது, அதோடு பேனாவும் நின்றது. வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> பாடநூலில் ‘வேற்றினக் கவர்ச்சி’ இருக்கிறதே, எதற்குப் புதுச் சொல்?

இருக்கிறது, ஆனால் அது இயற்பியல் பாடத்துச் சொல். தண்ணீர் கண்ணாடிமேல் ஒட்டினால் வேற்றினக் கவர்ச்சி, தண்ணீர் தண்ணீரோடு சேர்ந்தால் ஓரினக் கவர்ச்சி, அங்கே அது சரி. இந்த மரபணு தரும் புரதம் ஈ-கேடெரின், அதன் குணமே இதற்கு நேர் எதிர். ஒரு செல்லின் ஈ-கேடெரின் பக்கத்துச் செல்லில் இருக்கும் இன்னொரு ஈ-கேடெரினைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். 1988இல் ஜப்பானிய உயிரியலாளர் மசாதோஷி தகேயிச்சியின் குழு, தங்களுக்குள் ஒட்டாத எலிச் செல்களை எடுத்து ஒரு பாதிக்கு ஈ-கேடெரின் மரபணுவையும் மறு பாதிக்கு பி-கேடெரின் மரபணுவையும் கொடுத்து, இரண்டையும் கலந்து விட்டுப் பார்த்தார்கள். ஈ வகை தனியாகத் திரண்டது, பி வகை தனியாகத் திரண்டது. இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே என்று நம் ஊரில் சொல்வார்களே, அதேதான். இதற்குப் போய் ‘வேற்றின’ என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் முதல் வரியிலேயே தலைகீழாகப் படித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்குப் புரியவில்லை.

> பொற்கொல்லர்களின் ‘பற்றாசு’ அருமையான சொல். செல் பற்றாசுப் புரதம் எனலாம்.

ஐயா, இதைப் படித்ததும் அன்றைக்குத் தூக்கம் போனது, அவ்வளவு பிடித்தது. இரண்டு பொன் துண்டுகளுக்கு நடுவே வைத்து ஊதிச் சேர்க்கும் பொடி. வெண்பாவில் முதல் இரண்டடியான முதற்குறளும் அதை அடுத்து வரும் தனிச்சொல்லும் ஓசையில் விட்டுப்போனால் நடுவே ஓரசையோ ஈரசையோ சேர்ப்பதையும் ஆசு என்றுதான் யாப்பு உரைகாரர்கள் சொன்னார்கள், ஆசிடை நேரிசை வெண்பா வந்தது அப்படித்தான். சொல்லில் குறை இல்லை. இந்த இடத்துக்குத்தான் பொருந்தவில்லை. பற்றாசு மூன்றாவது பொருள், வெளியிலிருந்து வந்து நடுவில் உட்காருவது. ஈ-கேடெரினில் அப்படி ஒரு மூன்றாம் ஆள் இல்லை, இரண்டு செல்லும் ஆளுக்கொரு கையை நீட்டிக் கோத்துக்கொள்கின்றன.

கால்சியம்தான் அந்தப் பற்றாசு என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதுவும் இல்லை. புரதத்தின் வெளிப்பகுதி ஐந்து மணிகள் கோத்த மாதிரி இருக்கும். அடுத்தடுத்த மணிகளுக்கு நடுவே மூன்று மூன்றாக மொத்தம் பன்னிரண்டு கால்சியம் அயனிகள் உட்கார்ந்து அதை விறைப்பாக நிறுத்துகின்றன. கால்சியத்தை எடுத்துவிட்டால் கை துவண்டு போகும், பிடிக்க முடியாது. பிடிப்பது கால்சியம் இல்லை. நுனி மணியில் இருக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் எதிர்க் கையின் குழிக்குள் போய் உட்காருகிறது, எதிர்க் கையின் டிரிப்டோபான் இங்கே வந்து உட்காருகிறது. கொக்கியும் வளையமும் இரண்டு பக்கமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கால்சியம் விஷயம் கண்ணில் பட்ட கதையே வேடிக்கையானது. மசாதோஷி தகேயிச்சி கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்துக்குப் போனார். டிரிப்சின் என்ற, புரதத்தை வெட்டும் நொதியைப் போட்டுப் பிரித்த செல்கள் கியோட்டோவில் திரும்ப ஒட்டிக்கொண்டன, அங்கே ஒட்டவில்லை. காரணம் தேடினால், அந்த ஆய்வகத்து டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்திருந்தது. கால்சியம் இருந்தால் டிரிப்சினால் இந்தப் புரதத்தை வெட்ட முடியாது, இல்லாவிட்டால் வெட்டித் தின்றுவிடும். அந்த நூலைப் பிடித்துப் போய் 1977இல் கட்டுரை எழுதினார், 1984இல் கேடெரின் என்ற பெயர் வந்தது. கால்சியம், அட்ஹீர் இரண்டையும் ஒடித்து ஒட்டவைத்த பெயர். அவர்கள் செய்ததும் நாம் செய்வது போன்ற வேலைதான்.

அவர்களுக்குள்ளும் சண்டை இருந்தது. எலிக் கருவில் இதே புரதத்தைக் கண்டவர்கள் யூவோமோருலின் என்றார்கள். அதைத் தடுத்தால் எட்டுச் செல் கரு இறுகாமல் திராட்சைக் கொத்து மாதிரி தனித்தனி உருண்டையாக நிற்கும். லத்தீனில் ஊவா என்றால் திராட்சை, மோருலா என்பது முசுக்கட்டைப் பழத்திலிருந்து வந்தது. கோழியின் ஈரலில் கண்டவர்கள் எல்-கேம் என்றார்கள். ஒரே பொருளுக்கு மூன்று பெயர், கடைசியில் கேடெரின் ஜெயித்தது. எனக்கென்னவோ திராட்சையும் முசுக்கட்டையும் தோற்றதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். நடைமுறையில் எல்லாச் சொல்லிலும் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்கள். ஒட்டு என்றால் மாமரத்து ஒட்டு, ஒட்டுண்ணி. பிணைப்பு வேதியியலுக்குப் போய்விட்டது. அணைவும் அங்கேதான், அணைவுச் சேர்மம். இணைப்பு என்றால் இணைப்புத் திசு. பிடிப்பு என்றதும் எனக்கு இடுப்புதான் நினைவுக்கு வருகிறது. பசை வேண்டவே வேண்டாம், பசை எல்லாவற்றிலும் ஒட்டும், இது ஆள் பார்த்து ஒட்டுவது. மிஞ்சுவது பற்று. கணக்கில் பற்று வரவு இருக்கிறது, துறவிகள் விடச் சொல்லும் பற்றும் இருக்கிறது, இருந்தாலும் ‘பற்றுதல்’ என்பதில் கை இருக்கிறது. கரம் பற்றினான் என்கிறோம், கொடி கொழுகொம்பைப் பற்றியது என்கிறோம். பற்றுகிறவர் உயிருள்ளவர். அதனால் என் ஓட்டு ‘செல் பற்றுமை’க்கு. செல்கள் தங்களுக்கு வெளியே இருக்கும் பின்னலைப் பிடிப்பதும், அதாவது இன்டெக்ரின்கள் செய்யும் வேலையும், இதே சொல்லில் அடங்கும். கேடெரின்கள் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஓரினப் பற்றுமை’. இலங்கை நண்பர்கள் செல்லுக்குக் கலம் என்பார்கள், கலப் பற்றுமை என்றாலும் இடிக்கவில்லை.

புரதத்துக்கே தமிழ்ப் பெயராக ‘சுண்ணப்பற்றி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லாக்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ‘சுண்ணப்பற்றி பற்றி ஒரு கட்டுரை’ என்று தலைப்புப் போட்டுப் பார்த்தேன், வீட்டில் சிரித்தார்கள். கேடெரின் அப்படியே இருக்கட்டும். தனிப் பொருளின் பெயரைப் பெயர்க்க வேண்டாம், செயலின் பெயரைப் பெயர்ப்போம் என்பது என் கட்சி.

> டியூமர் சப்ரசர் ஜீன் என்றால் கட்டி அடக்கி மரபணு, இதில் விவாதமே இல்லை.

டாக்டர், இந்த மரபணுவில்தான் விவாதமே. சிடிஎச்1 கெட்டால் வருகிற இரைப்பைப் புற்று பரவல் வகை. செல்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டுச் சளிப்படலத்துக்கு அடியில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும், உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாலும் சுலபத்தில் சிக்காது. கட்டியே கட்டாத புற்று. மார்பில் வரும் லோபுலார் வகையிலும் பெரும்பாலும் இதே மரபணுதான் செயலிழந்திருக்கும், அங்கே செல்கள் எறும்பு மாதிரி ஒற்றை வரிசையில் போகும், கைக்குக் கட்டியாகத் தட்டுப்படாமலே இருக்கலாம். 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுக்கு இந்த மரபணுவின் பிழையே காரணம் என்று பார்ரி கில்ஃபோர்டின் குழு காட்டியது. அப்படிப்பட்ட பிழை இருப்பவர்களுக்கு நோய் வரும் முன்பே முழு இரைப்பையையும் எடுத்துவிடச் சொல்வது அதனால்தான். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று ‘கட்டி அடக்கி’ என்று படித்துவிட்டு, எனக்குத்தான் கட்டி இல்லையே என்று நினைத்தால்? ‘புற்று அடக்கி’ என்று மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும்.

வளர்ச்சிப் பக்கம் ஒன்று பாக்கி. செல்லின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கேடெரின் வாலைப் பீட்டா-கேட்டனின் என்ற இன்னொரு புரதம் பிடித்திருக்கும். அதே பீட்டா-கேட்டனின் வேறொரு சமிக்ஞை வந்தால் உட்கருவுக்குள் போய், பெருகச் சொல்லும் மரபணுக்களை எழுப்பிவிடும். பிடிப்பும் பெருக்கமும் ஒரே ஆளின் கையில் என்பதால்தான் இந்த மரபணுவை ஒட்டுகிற மரபணு என்று மட்டும் எழுத முடியவில்லை. செல்கள் நெருங்கித் தொட்டதும் பெருகுவதை நிறுத்தும் குணத்துக்கு, கான்டாக்ட் இன்ஹிபிஷனுக்கு, ‘தொடுகைத் தடை’ என்று வந்திருக்கிறது. தொடக் கூடாது என்று பலகை வைத்தது போல இருக்கிறது. ‘தொடுவடக்கம்’ என்றால் வடக்குத் திசை காட்டுகிறது. தொட்டாற்சிணுங்கி சொல்லமைப்பை வைத்துக்கொண்டு ‘தொட்டடக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். வாய்க்குள் கொஞ்சம் தட்டுகிறது, இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் கேட்டனின். லத்தீன் கதேனா, சங்கிலி. தொடரி என்று வைக்கலாம் என்றால் அதை ரயிலுக்குக் கொடுத்துவிட்டோம். படத்தின் குறிப்பில் இடம் குறைவு, ஆறெழுத்துக்குள் ஏதாவது கிடைக்குமா?