.223-க்கு ஏஆர்2206எச்: மூன்று இடத்தில் மூன்று அளவு, எதை எடுப்பது?

முயல்மேடு: ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். .223 ரெமிங்டன் போல்ட் ரைஃபிளுக்குத் தோட்டாவை நானே ஏற்றப் போகிறேன். 55 கிரெயின் எடையில் செம்பு போர்த்திய ஈயக்குண்டு, கையில் ஏடிஐ ஏஆர்2206எச் வெடிமருந்து. தயாரிப்பாளர் ஏடிஐயின் அட்டவணையில் ஓர் அளவு, அமெரிக்க நிறுவனம் ஹாட்ஜ்டனின் அட்டவணையில் எச்4895 என்று போட்டு இன்னொன்று, ஐஎம்ஆர் 4895 என்று நண்பர் அனுப்பியது மூன்றாவது. எதிலிருந்து ஆரம்பிக்க?

தராசுமுள்: நண்பர் அனுப்பியதை முதலில் அழித்துவிடுங்கள். ஏஆர்2206எச்-உம் எச்4895-உம் ஒரே மருந்துதான், இரண்டு பெயர். ஐஎம்ஆர் 4895 எண்ணில் மட்டும் ஒத்துப்போகும் வேறு மருந்து. பழைய டப்பா என்றால் கடைசி எழுத்தையும் பாருங்கள்: 'எச்' இல்லாத ஏஆர்2206 தனி மருந்து.

மற்ற இரண்டும் வேறுபடுவதில் தப்பில்லை. சோதித்த துப்பாக்கிக் குழல், பித்தளை உறை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் வேறு. உங்கள் குண்டுக்கு மிக நெருக்கமான வரியைப் பிடியுங்கள். 55 கிரெயின் என்பது மட்டும் போதாது. முழுச் செம்புக் குண்டு அதே எடையில் நீளம் அதிகம், உறைக்குள் இடத்தைத் தின்னும். அதன் அளவு தனி.

இரண்டு அட்டவணையிலும் எது குறைந்த ஆரம்ப அளவோ அதிலிருந்து தொடங்குங்கள். உச்சம் மட்டும் போட்டிருந்தால் 10 சதவீதம் கழியுங்கள். படிக்கு 0.3 கிரெயின், படிக்கு மூன்று தோட்டா. போல்ட் கைப்பிடி தூக்கும்போது இறுகினாலோ, உறையின் அடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் ஊசி) துளை பளபளவென்று வட்டமாகப் பதிந்தாலோ அங்கேயே நிறுத்தி, ஏற்றி வைத்த மிச்சத்தைப் பிரித்துவிடுங்கள். பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்பாதீர்கள், சில பிராண்ட் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும்.

முயல்மேடு: நன்றி அண்ணா. உறை கலவையாக இருக்கிறது, கொஞ்சம் ராணுவ உறையும் உண்டு. பரவாயில்லையா?

பித்தளை: கலக்காதீர்கள். சில ராணுவ உறைகளுக்குச் சுவர் தடிமன். உள்ளே இடம் குறைந்தால் அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். அடியில் ஒரே முத்திரை உள்ளதைப் பிரித்து, 1.750 அங்குலத்துக்கு வெட்டுங்கள். 1.760 தாண்டினால் உறையின் வாய் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முனையில் நெரிந்து குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

தராசையும் பாருங்கள். பாதி டிஜிட்டல் தராசு கிராமில்தான் திறக்கும். 1 கிராம் 15.43 கிரெயின், நம் வாயில் இரண்டு பெயரும் ஒன்றுபோல் வருவதால் குறிப்பேட்டில் 'கிரெ.' என்று எழுதாமல் முழுதாக எழுதுங்கள். பத்து தோட்டாவுக்கு ஒருமுறை சோதனை எடைக்கல் வையுங்கள்.

தராசுமுள்: ஒன்று விட்டுப்போச்சு. அந்த 10 சதவீதக் கழிவை எல்லா மருந்துக்கும் போடக்கூடாது. நாளைக்கு .22 ஹார்னெட் ரைஃபிள் வாங்கி எச்110 மருந்து போட்டால், அதை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்பது ஹாட்ஜ்டன் எச்சரிக்கை. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். அடுத்த தோட்டா அதன்மேல் போய் மோதினால் குழல் பிளக்கும்.