எடை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டு கர்ப்பமானவர்கள்: சாப்பாட்டிலும் மாத்திரையிலும் பார்த்தவை

(திருநெல்வேலிப் பக்கத்துச் சுகாதாரப் பணியாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டவை. ஒவ்வொன்றின் மேலேயும் இருப்பது எழுதியவரின் ஊர்.)

வள்ளியூர், ஆய்வகம்

இரைப்பை பைபாஸ் (வயிற்றைச் சின்னதாக்கி, சாப்பாட்டை நேரே சிறுகுடலுக்குத் திருப்பிவிடும் ஆபரேஷன்) செய்த பெண், கர்ப்பத்தின் 24-ம் வாரம். எல்லாருக்கும் போல 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தாச்சு. குடித்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். ஜாக்கெட் நனைகிற வேர்வை, படபடப்பு, கழிவறைக்கு ஓட்டம். "சுகரு ஏறிட்டு போலயே" என்று மாமியார் கையைப் பிசைகிறார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 58. 140-க்குக் கீழே என்றால் பதிவேட்டில் 'இயல்பு'. அப்படியே எழுதியாகிவிட்டது. அளவுக்கு மீறிக் குறைந்த அந்த 58-ஐ யாரும் வட்டமிடவில்லை. இன்னும் உறுத்துவது அதுதான்.

இரைப்பையின் கீழ்வாசலில் இருக்கிற தசை வளையம்தான் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். பைபாஸில் உணவு அந்த வளையத்தின் வழியாகப் போவதே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் சிறுகுடலில் மொத்தமாக விழுந்து, உடம்பிலிருக்கிற நீரைக் குடலுக்குள் இழுக்கும். வேர்வையும் வயிற்றோட்டமும் அதனால். சர்க்கரை சடாரென்று ரத்தத்தில் ஏற, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். இவர்களுக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம். 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கலாம்: வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையையும் நம்பக்கூடாது.

பேட்டை

எல்லா ஆபரேஷனையும் ஒரே கணக்கில் போடாதீங்க. ஸ்லீவில் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன்) அந்த வளையம் அப்படியே இருக்கு.

வள்ளியூர், ஆய்வகம்

இருக்கு. ஆனால் வயிறு குழாய் மாதிரி ஆகிவிடுவதால் ஸ்லீவிலும் சிலருக்கு இதே கூத்து நடக்கும், பைபாஸைவிடக் குறைவு. எந்த ஆபரேஷன் என்று முதலில் கேட்கணும் என்பதில் சண்டை இல்லை. வயிற்றில் வளையப் பட்டி மாட்டியிருந்தால் அது வேறு: வாந்தி கூடினால் பட்டியைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

சேரன்மகாதேவி, கிராம சுகாதார செவிலியர்

மாத்திரை அட்டை காலியாக இருந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள், ஆனாலும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. "எப்பம்மா சாப்பிடுத?" "ராத்திரி எல்லாத்தையும் சேர்த்து ஒரே மடக்கா, காப்பியோட, நர்சம்மா." இரும்பு, கால்சியம், காப்பி மூன்றும் ஒரே வாயில்!

இரும்புச்சத்து அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைப் பைபாஸ் தாண்டிவிடுகிறது, அமிலமும் குறைவு. அதனால் நேரம் பிரிப்பது இவர்களுக்கு உயிர். நாம் தரும் மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். காலை பத்து மணிவாக்கில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. கால்சியம் அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு மொத்தம் 1,200 முதல் 1,500. நம்மிடம் வருவது கால்சியம் கார்பனேட். கரைய அமிலம் வேணும், அதனால் சாப்பாட்டோடுதான். நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் போடுகிறவர்களுக்கு அதுவும் சரியாக ஏறாது. கரைய அமிலம் தேவைப்படாத கால்சியம் சிட்ரேட்டை எழுதிக் கேட்கணும். காப்பி, டீ ஒரு மணி நேரம் தள்ளி.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனாலே இருப்பு தீர்ந்தது என்று அர்த்தம். மாத்திரையில் ஏறாவிட்டால் முதல் மூன்று மாதம் கழிந்ததும் ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றுவதுதான் வழி. பி12 மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, 1 மில்லிகிராம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறின மாதிரி தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

திசையன்விளை

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் பொறுக்கச் சொல்லித்தானே அனுப்புறாங்க? எட்டாம் மாசத்திலேயே உண்டாகி வந்து நின்றால் யார் என்ன செய்ய?

சேரன்மகாதேவி, கிராம சுகாதார செவிலியர்

திட்டி என்ன ஆகப்போகுது? ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் 12-18 மாசம் என்பது எடை மளமளவென்று குறைகிற காலம், அதனால்தான் பொறுக்கச் சொல்வது. சினைப்பையில் நீர்க்கட்டி இருந்து பல வருஷம் உண்டாகாத பெண்ணுக்கு எடை குறைந்ததும் கருமுட்டை வெளிவருவது தானாகத் திரும்பிவிடலாம், அவளுக்கே தெரியாது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்பமுடியாது என்பதையும் யாராவது சொல்லியிருக்கணும். வந்துவிட்டால் ரத்தப் பரிசோதனைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குழந்தை வளர்ச்சிக்கு 24-ம் வாரத்திலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். இவர்களுக்குக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கிற வாய்ப்பு கூடுதல்.

அம்பாசமுத்திரம் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்

"சிஸ்டர், டியூப்லைட்டு ரெண்டு ரெண்டா தெரியுது." பத்து நாள் வாந்தி, மூன்றாவது பாட்டில் குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருந்தது. மயக்கம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மயக்கம் இல்லை, தயமின், அதாவது வைட்டமின் பி1, குறைந்துபோனது. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தொடர் வாந்தியில் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கிற கொஞ்சத்தையும் அது எரித்து மூளையைத் தாக்கும். கண் ஆட்டம், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம்: இதில் ஒன்று வந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். நீர் ஏற்ற அவசரம் என்றால் சாதா உப்புநீர் பாட்டில். வாயில் எதுவும் நிற்காதவளுக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புவதில் பயன் இல்லை.

பாளையங்கோட்டை, உணவியல்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சாப்பாட்டைச் சொல்லாமல் போகமுடியவில்லை. ஒரு ஆச்சி பேத்தியின் தட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாய்தான் திங்கா, வயித்துப் புள்ளைக்கு எப்படிக் காணும்?" என்று அழுதார். காணும், அந்த ரெண்டு வாயில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து.

இலக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், ஆறு வேளையாகப் பிரித்து. நம்ம ஊர்ச் சாப்பாட்டிலேயே வரும். காலையில் உளுந்தங்களி: 40 கிராம் கறுப்பு உளுந்தில் 10 கிராம் புரதம். கருப்பட்டியை மட்டும் பெயருக்குப் போடணும். கருப்பட்டியும் சர்க்கரைதான், குடலுக்கு அது நல்லது இது கெட்டது தெரியாது. பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் தயிர், 5. மதியம் சாளை மீன் 80 கிராம், 16. மீனை முதலில் தின்றுவிட்டு மிச்ச இடத்துக்குச் சோறு, அதன் புரதத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. (சாளை சின்ன மீன், பாதரசம் குறைவு, விலையும் குறைவு.) சாயங்காலம் அவித்த பாசிப்பயறு அரைக் கப், 7. இரவு ஒரு தோசை, இரண்டு முட்டை, சேர்த்து 15. படுக்குமுன் ஒரு டம்ளர் பால், 6. பால் வயிற்றைக் கலக்கினால் அதற்கும் தயிர்.

சொதி கேட்பாள், கட்டாயம் கேட்பாள். அடியில் கிடக்கிற பாசிப்பருப்பையும் காயையும் அள்ளிக் கொடுங்கள், தலைப்பாலை ஊற்றிப் பிசைய வேண்டாம். பைபாஸில் சிலருக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காமல் எண்ணெயாகவே வெளியே போகும், கூடவே ஏ, டி வைட்டமின்களையும் இழுத்துக்கொண்டு. அல்வா வேண்டாம் என்றால் திருநெல்வேலியில் யார் கேட்கப்போகிறார்கள்! ஒரு சுண்டைக்காய் அளவு, சாப்பாட்டுக்குப் பின்னால், வெறும் வயிற்றில் கிடையவே கிடையாது. அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மேற்கொண்டு சேர்க்காதீங்க.

சோற்றோடு தண்ணீர் குடிக்கிற பழக்கம்தான் பெரிய கோளாறு. சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும், சாப்பாடும் சீக்கிரம் கீழே வழுகிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர்.

முக்கூடல்

ஈரல் விட்டுப்போச்சு. ரத்தம் ஊற ஆட்டு ஈரல்தானே?

பாளையங்கோட்டை, உணவியல்

விட்டுப்போகவில்லை, விட்டேன். 100 கிராம் ஆட்டு ஈரலில் இருக்கிற 'ரெட்டினால்' வகை வைட்டமின் ஏ, ஒரு நாள் வரம்பான 3,000 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும். முதல் மூன்று மாதத்தில் அது குழந்தையின் உருவத்தையே கெடுக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் எழுதிய பழைய சத்து மாத்திரையிலும் வைட்டமின் ஏ ரெட்டினாலாக இருக்கலாம். அட்டையைத் திருப்பிப் பார்த்து, பீட்டா கரோட்டின் உள்ளதாக மாற்றச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை பயமில்லை.

களக்காடு

ஏழாம் மாசம், மேல்வயிற்றில் சுருட்டிப் பிடிக்கிற வலி. சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்து ராத்திரி முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தார்கள். விடியும்போது பச்சையாக வாந்தி. பைபாஸில் குடலை இடம் மாற்றிக் கட்டிய இடுக்கில், கர்ப்பப்பை மேலே தள்ளத் தள்ளக் குடல் போய் மாட்டிக்கொள்ளும், முறுக்கினால் அழுகிவிடும். குழந்தையைப் பார்க்க எடுக்கும் ஸ்கேனில் இது தெரியாது. குடல் அறுவை மருத்துவர் இருக்கிற இடத்துக்கு அப்போதே போகணும்.

அங்கே போனால் இன்னொரு கூத்து. "பைபாஸ் பண்ணியிருக்கு" என்றதும் நெஞ்சுக்கு ஈசிஜி எடுக்க அழைத்துப் போனார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலைத் தாய்சேய் அட்டையின் உறைக்குள்ளேயே வையுங்கள். மேலே பெரிசாக, 'இரைப்பை பைபாஸ், இதயம் அல்ல. குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம். டைக்ளோஃபெனாக் வேண்டாம்' என்று எழுதி. கடைசி வரி பிரசவம் முடிந்த மறுநாளுக்கு: அந்த வலி மாத்திரை, குடலைக் கட்டிய தையலில் புண் போடும்.